முதுமைக்கும் ஒரு சுமை வேண்டும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

இசையும் நடனமும் பட்டிமன்றமும் நிகழும் மேடை இது. இம்மேடையில் தசையைப் பற்றியும் சுமையைப் பற்றியும் பேசப் புகுவது சுவையற்ற செயல் என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், இவ்வரங்கின் முன் வரிசைகளை நோக்கும்போது, இதனினும் ஏற்ற பொருள் வேறொன்று நமக்குத் தோன்றவில்லை. அவ்வரிசைகளில் அமர்ந்திருப்போர் நம் பெற்றோர். பணியின் பொருட்டு இளமையில் தில்லிக்கு வந்து, இங்கேயே ஓய்வு பெற்று, இங்கேயே நரைத்தவர் ஒரு சாரார். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு மக்களோடு இருக்க வந்தவர் மற்றொரு சாரார். இவர்களுள் சிலர் தாமே நடந்து வந்தனர். சிலர் கைத்தாங்கலாக வந்தனர். வர விரும்பியும், மூன்றாம் மாடியிலிருந்து இறங்க மாட்டாமையால் வீட்டிலேயே தங்கிவிட்டவர்களும் நம் காலனிகளில் உளர். வந்தோரை வரவேற்கும் இந்நாளில், வர இயலாதோரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

அவர்களைப் படியிறங்க விடாமல் தடுப்பது எது? "வயது" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுகின்றோம். அவ்விடை பாதி உண்மையே. மற்றைப் பாதி, பயன்படுத்தாமையால் மெலிந்துபோன தசையாகும். வயதை நாம் தடுக்க இயலாது. தசை மெலிவை மட்டுப்படுத்தலாம். மெலிந்ததை ஒரு பங்கு மீட்கவும் செய்யலாம். தொண்ணூறு வயதிலும் அது கைகூடும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

ஊரும் காலனியும்

நம் அன்னையரின் பழைய வாழ்க்கையைச் சற்றே நினைவுகூர்வோம். கிணற்றில் தோண்டியை இறக்கி நீர் இறைத்தனர். நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தி நடந்தனர். ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தனர். உரலில் நெல்லும் கம்பும் குத்தினர். குனிந்து வாசல் பெருக்கிக் கோலமிட்டனர். தரையில் அமர்ந்து உண்டனர். உண்டபின் தரையிலிருந்தே எழுந்தனர். ஒரு நாளில் எத்தனை முறை அமர்ந்து எழுந்தனர் என்று எண்ணிப் பார்த்தால் நாம் வியந்துபோவோம். இவற்றை எவரும் உடற்பயிற்சி என்று அழைத்ததில்லை. ஆயினும் தசையின் கணக்கில் இவை யாவும் சுமைப் பயிற்சியே.

அவ்வாழ்க்கையைப் பொன்னுலகமாகப் போற்றுவது நம் நோக்கமன்று. அரை வயிற்று உணவோடு அளவு கடந்து உழைத்து, இளமையிலேயே உடல் தேய்ந்தோரும் அங்கு இருந்தனர். மின்னரைவையும் குழாய் நீரும் நம் பெண்களுக்குக் கிடைத்த விடுதலை. அதனைத் திருப்பித் தருமாறு கூறுவார் எவருமிலர். நாம் கூறுவது இவ்வளவே: வேலை போயிற்று, வேலையோடு வந்த பயிற்சியும் உடன் போயிற்று, அவ்விடத்தில் வேறொன்றை நாம் வைக்கவில்லை.

வலிமைப் பயிற்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. தென்னாட்டுச் சிற்றூர்களில் இளவட்டக்கல் கிடந்தது. அதனைத் தூக்கித் தோளுக்கு ஏற்றுவது காளையர்க்குப் பெருமையாக இருந்தது. சிலம்பக் கூடங்களில் கர்லாக் கட்டை சுழன்றது. தண்டாலும் பஸ்கியும் எடுத்தனர். இங்கே வடநாட்டு அகாடாக்களில் தண்டும் பைட்டக்கும் இன்றும் வழங்குகின்றன. ஆனால் இவை யாவும் இளைஞர்க்கே உரியனவாக இருந்தன. இளவட்டக்கல் உண்டு, முதுவட்டக்கல் என ஒன்று இல்லை. முன்னாளில் அது வேண்டப்படவும் இல்லை. அம்மியும் குடமும் வயலும் வாய்க்காலுமே முதியோர்க்கு அப்பணியைச் செய்தன. இன்று அவை இல்லாத வீட்டில் முதுவட்டக்கல் ஒன்று கட்டாயம் வேண்டும்.

காலனி வீட்டில் நிகழ்வது என்ன? தந்தையார் காய்கறிப் பையைத் தூக்கினால், "அப்பா, என்னிடம் கொடுங்கள்" என்று மகன் வாங்கிக்கொள்கிறான். மாமியார் அடுக்களைக்குள் வந்தால், "அத்தை, நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாள் மருமகள். தண்ணீர் வேண்டுமென்றால் பேரன் கொண்டுவந்து கையில் கொடுக்கிறான். இவை யாவும் அன்பின் செயல்கள்; நம் மரபு போற்றும் பணிவிடைகள். இவற்றோடு தில்லியின் குளிரும் சேர்ந்துகொள்கிறது. மார்கழி, தை மாதங்களில் மூடுபனியும் மாசடைந்த காற்றும் முதியோரை ரஜாய்க்குள்ளும் ஹீட்டர் அருகிலும் முடக்கிவிடுகின்றன. அண்டையார் பேசும் இந்தி முழுதும் விளங்காமையால், பூங்காவிற்குச் செல்லும் விருப்பமும் சிலர்க்குக் குறைந்துவிடுகிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பலர் மாதக்கணக்கில் வாசற்படி தாண்டாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை.

சில மாதம் அமர்ந்தே இருந்தவர் எழ முயலும்போது கால் தளர்கிறது. "பாருங்கள், வயதாகிவிட்டது" என்று சொல்லி அவரை இன்னும் அமர்த்துகின்றோம். அமர்த்த அமர்த்தத் தளர்கிறது. தளரத் தளர அமர்த்துகின்றோம். இச்சுழலை அறுப்பது எவ்வாறு என்பதே நம் முன் உள்ள வினா.

தசை தேய்வது ஏன்?

வளர்ந்த இளைஞன் ஒருவனின் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு, எலும்பைப் பற்றியுள்ள தசையாகும். முப்பது, நாற்பது வயதிற்குப் பின் அது மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பின் குறைவு விரைவடைகிறது. இக்குறைவிற்கு நெடுங்காலம் பெயர்கூட இருந்ததில்லை. அமெரிக்க மருத்துவ அறிஞர் இர்வின் ரோசன்பர்க் என்பார் 1988ஆம் ஆண்டு ஆய்வரங்கு ஒன்றில், கிரேக்கச் சொற்களைக் கொண்டு, "சார்க்கோபீனியா" என்று அதற்குப் பெயர் சூட்டினார். "தசையின் வறுமை" என்பது அதன் பொருள். பெயரிட்டால்தான் உலகம் கவனிக்கும் என்பது அவர் கருத்து. அவ்வாறே ஆயிற்று. 2016ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவத் துறை அதற்கு நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடு வழங்கிற்று.

தேய்வு நிகழும் முறையையும் சிறிது அறிவோம். தண்டுவடத்திலுள்ள நரம்பணுக்கள் தசையிழைகளுக்கு ஆணையிடுகின்றன. மூப்பில் அந்நரம்பணுக்களுள் சில மடிகின்றன. ஆணையிழந்த இழைகளுள் சிலவற்றை அண்டை நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும், எஞ்சியவை வாடிவிடும். தசையிழைகளுள் விரைந்து இயங்குவன, நிதானமாக இயங்குவன என இருவகை உண்டு. மூப்பில் மிகுதியும் மெலிவன விரைந்து இயங்கும் இழைகளே. கால் இடறும்போது நொடிப்பொழுதில் மறுகாலை முன்வைத்து நம்மைக் காப்பவை அவையே. ஆதலின் இடறிய இளைஞன் தடுமாறி நிற்கிறான். இடறிய முதியவர் விழுந்துவிடுகிறார்.

எழுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலான அமெரிக்கர் பலரை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று, காலின் தசை ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் குறைய, வலிமையோ அதனைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு விரைவில் குறைந்ததைக் காட்டிற்று. பருமன் குறைவதினும் விரைவாக வலிமை குறைகிறது என்பது இதனால் விளங்கும். "கால் நன்றாகத்தானே இருக்கிறது" என்று கண்ணால் பார்த்து ஆறுதல் கொள்வது சரியன்று.

படுக்கை இத்தேய்வை எவ்வளவு விரைவுபடுத்துகிறது என்பதற்கும் சான்று உண்டு. உடல்நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்தனர் அமெரிக்க ஆய்வாளர். 2007இல் வெளியான அம்முடிவின்படி, பத்தே நாளில் கால்களிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்துபோயிற்று. காய்ச்சலுக்கோ அறுவைக்கோ மருத்துவமனையில் பத்து நாள் கிடந்து வீடு திரும்பும் முதியவர் ஏன் முன்போல் எழுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

இந்தியராகிய நமக்கு இதில் தனிக் கவலையும் ஒன்று உண்டு. புனே நகரத்து மருத்துவ அறிஞர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவர்தம் ஆங்கில நண்பர் ஜான் யுட்கினும் 2004ஆம் ஆண்டு தம் இருவர் உடலையும் அளந்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவர்க்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பு ஆங்கிலேயர்க்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவர்க்கு 21.2 பங்கு. ஒல்லியாகத் தோன்றும் இந்திய உடலில் கொழுப்பு மிகுதி, தசை குறைவு என்பதை இவ்விருவர் உருவமே காட்டிற்று. குறைந்த முதலோடு வணிகம் தொடங்குபவனுக்குச் சிறு இழப்பும் பேரிழப்பாகும் அன்றோ? மேலும், உண்ட உணவிலிருந்து குருதியிற் சேரும் சர்க்கரையின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் தசையே. களஞ்சியம் சுருங்கினால் நீரிழிவை அடக்குவதும் அரிதாகிறது.

தொண்ணூறு வயதில் ஒரு பயிற்சி

இனி நம்பிக்கை தரும் செய்திக்கு வருவோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த பத்துப் பேரை மருத்துவர் மரியா ஃபியாதரோனும் அவர்தம் குழுவினரும் தேர்ந்தெடுத்தனர். அவர்களின் சராசரி வயது தொண்ணூறு. நோயும் தளர்ச்சியும் உடையோர் அவர்கள். காலால் எடையைத் தூக்கும் பயிற்சியை எட்டு வாரம் அவர்களுக்கு அளித்தனர். அளித்த எடை பெயரளவினதன்று. அவரவர் வலிமைக்கு ஏற்றவாறு கடினமானது. வலிமை கூடக்கூட எடையும் கூட்டப்பட்டது. பயிற்சியை முடித்தோர் ஒன்பதின்மர். அவர்தம் கால் வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடிற்று. அதாவது, தொடக்கத்தில் 10 கிலோ தூக்கியவர் முடிவில் 27 கிலோ தூக்கும் அளவினதான மாற்றம். தொடைத் தசையின் பரப்பும் நூற்றுக்கு 9 பங்கு வளர்ந்தது. கைத்தடியோடு நடந்த இருவர் அதனைக் கைவிட்டனர். இம்முடிவுகள் 1990இல் வெளியாயின.

பத்துப் பேரை வைத்துச் சொன்னது போதாது என்பார் உளராதலின், அதே குழுவினர் நூறு பேரைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்து 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். சராசரி வயது 87. பயிற்சி பெற்றோரின் வலிமை பத்து வாரத்தில் நூற்றுக்கு 113 பங்கு கூடிற்று. பெறாதோர்க்கு 3 பங்கே கூடிற்று. நடையின் வேகமும் படியேறும் ஆற்றலும் பயிற்சியினர்க்கு உயர்ந்தன. பயிற்சியின்றிச் சத்துணவு மட்டும் பெற்றவர்க்கோ வலிமை கூடவில்லை. ஊட்டச்சத்து மாவை வாங்கித் தந்துவிட்டுக் கடமை முடிந்ததென்று கருதும் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்வாராக.

மூப்படைந்த தசையும் கற்கும். கேட்டால் வளரும் என்பது இவ்வாய்வுகளால் உறுதியாயிற்று. உலக நல்வாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, அறுபத்தைந்து வயது கடந்தோர் வாரத்தில் இரு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்தல் வேண்டும் என்றும், நிலைதடுமாறாமைக்கான பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளேனும் மேற்கொள்ள வேண்டும் என்றும் கூறுகிறது.

சில ஐயங்கள்

"நாள்தோறும் பூங்காவில் நடக்கின்றேனே, அது போதாதா?" என்று பெரியோர் வினவுவர். நடை மிக நன்று. இதயத்திற்கும் மனத்திற்கும் அது மருந்து. அதனை விடுதல் கூடாது. ஆயினும், சமதரையில் நடக்கும்போது கால் தூக்குவது பழகிப்போன உடலின் எடையை மட்டுமே. பழகிய சுமை தசையை இருக்கும் நிலையில் ஓரளவு காக்குமேயன்றி வளர்க்காது. நாற்பதாண்டு நாள்தோறும் நடந்தவரும் தாழ்ந்த மோடாவிலிருந்து எழக் கையூன்றுவதை நாம் காண்கின்றோம்.

"மூட்டு வலி உள்ளதே, சுமை தூக்கினால் மூட்டு தேயாதா?" என்பது அடுத்த ஐயம். முழங்கால் மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுப்பெற்றால், மூட்டின்மேல் விழும் பளுவைத் தசை தாங்கிக்கொள்கிறது. முழங்கால் தேய்வுக்குத் தொடைத் தசைப் பயிற்சியை மருத்துவர்களே முதன்மையாகப் பரிந்துரைக்கின்றனர். வலி பொறுக்கும் அளவிற்குள் தொடங்கி, வலியைத் தூண்டும் கோணத்தைத் தவிர்த்துச் செய்தல் வேண்டும்.

"பெண்களுக்கு இது தகுமா?" என்று கேட்போரும் உளர். பெண்களுக்கே இது மிகுதியும் வேண்டும். இளமையிலேயே ஆண்களினும் குறைந்த தசையுடையோர் அவர்கள். மாதவிலக்கு நின்றபின் எலும்பும் மெலியத் தொடங்குகிறது. தசை இழுக்கும்போதுதான் எலும்பும் உறுதியடைகிறது.

செய்யும் முறை

பழங்கால கிரேக்க நாட்டில் குரோட்டன் நகரத்து மல்லன் மிலோ என்பவனைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவன் ஓர் இளங்கன்றை நாள்தோறும் தோளில் சுமந்தான். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்தது. முடிவில் முழுக் காளையையே சுமந்தான். கதை எவ்வாறாயினும் கருத்து மெய்யானது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்த தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க மருத்துவர், படிப்படியாக எடையைக் கூட்டும் முறையை 1945இல் எழுதி வெளியிட்டார். சிறிதில் தொடங்கு, இயலும்போது கூட்டு, இடைவிடாமல் தொடர் என்பதே அம்முறையின் சுருக்கம்.

காலனி வீட்டில் இதற்கு எந்திரம் எதுவும் வேண்டா. கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். முதலாவது பயிற்சி, அதிலிருந்து எழுந்து நின்று, மெல்ல அமர்தல். தொடக்கத்தில் கையூன்றலாம், பின்னர் ஒரு கை, அதன்பின் கைகளை மார்பில் மடித்துக்கொள்ளலாம். அமரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் அளவு நிதானமாக இறங்குவதில்தான் பயன் மிகுதி. இரண்டாவது, சுவரை எதிர்நோக்கி ஒரு முழம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றித் தண்டால் எடுத்தல். மூன்றாவது, அடுக்களை மேடையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். நான்காவது, கைப்பிடியைப் பற்றியவாறு மாடிப்படி ஒன்றில் ஏறி இறங்குதல். ஐந்தாவது, துணிப்பையில் அரிசியோ பருப்போ இட்டு இரு கைகளிலும் ஏந்தி அறையின் குறுக்கே நடத்தல். ஒரு லிட்டர் நீர் நிறைந்த புட்டி 1 கிலோ எடையுள்ளது. அதனைத் தோளுக்கு உயர்த்தி இறக்குதலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, சற்று இளைப்பாறி, மீண்டும் ஒரு சுற்றுச் செய்க. ஞாயிறும் புதனும் என வாரத்தில் இரு நாள் தொடக்கத்திற்குப் போதும். இடைநாள்களில் தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும். சுமையின் அளவை அறிவது எப்படி? ஒரு சுற்றின் முடிவில், "இன்னும் இரண்டு மூன்று முறைதான் என்னால் இயலும்" என்று தோன்றினால் அளவு சரியானது. இருபது முறை செய்தும் களைப்பில்லையெனில், அச்சுமை போதவில்லை, கூட்ட வேண்டும். தூக்கும்போது மூச்சை விடுக. மூச்சை அடக்குதல் கூடாது, அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும். முதற் சில வாரங்களில் கூடும் வலிமை பெரும்பாலும் நரம்பின் பயிற்சியால் வருவது. தசை பருமனாவது அதன்பின்னரே. ஆதலின் ஒரு மாதத்தில் தொடையை அளந்து பார்த்துச் சோர்வடைய வேண்டா. இடையில் நிறுத்தினால் ஈட்டியது சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும் என்பதையும் மறவற்க.

இதய நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் கண்ணிலோ வயிற்றிலோ செய்த அறுவை, எலும்பு முறிவு ஆகியவை உடையோர் மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்டபின்னரே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது மார்பு வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்துக. முதல் சில வாரங்களில் வீட்டார் ஒருவர் அருகில் நிற்பது நன்று. அருகில் நில்லுங்கள்; ஆனால் அவர் எழும்போது கைகொடுத்துத் தூக்கிவிடாதீர்கள்.

தளர்ச்சியை வீட்டிலேயே அளந்தறியவும் வழி உண்டு. கைகளை மார்பில் மடித்து, நாற்காலியிலிருந்து ஐந்து முறை விரைந்து எழுந்தமரப் பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆகுமாயின், தசைத் தேய்வு இருக்கக்கூடும் என்று ஆசிய நாடுகளின் அறிஞர் குழு 2019இல் வகுத்துள்ளது. கெண்டைக்காலின் மிகப் பருத்த பகுதியின் சுற்றளவு, ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைந்திருப்பதும் ஓர் அறிகுறி. தையற்காரரின் அளவு நாடாவே இதற்குப் போதும்.

உணவின் பங்கு

பயிற்சி கொத்தனாரென்றால் புரதம் செங்கல்லாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவின்படி, வளர்ந்தோர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளும் 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியோரின் தசை புரதத்தை ஏற்பதில் மந்தமுடையதாதலின், 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று 2013இல் கருத்துரைத்தது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு இது 60 முதல் 72 கிராம் வரை ஆகும்.

நம் முதியோர் உண்பது எவ்வளவு? காலையில் காப்பியும் இரண்டு இட்டலியும். நண்பகலில் சோறும் நீர்த்த சாம்பாரும். இரவில் "வயிற்றுக்குக் கனம் வேண்டா" என்று ஒரு கரண்டி இரசம் சாதம். இதில் புரதம் பாதியளவும் தேறுவது ஐயமே. ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 200 மில்லிலிட்டர் பாலில் சுமார் 6 கிராமும், 100 கிராம் உலர்ந்த பருப்பில் 20 கிராமுக்கு மேலும் புரதம் உண்டு. சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக்குங்கள். சுண்டலைக் கொலுவுக்கு மட்டும் உரியதாக்காமல் மாலைதோறும் வையுங்கள். இங்கே எளிதிற் கிடைக்கும் பனீரும் தயிரும் நன்று. புலால் உண்போர்க்கு மீனும் முட்டையும் உண்டு. ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளையும் பகிர்ந்தளித்தல் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உடையோர் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைக் கடத்தலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே நம் நாட்டில் அறுபது கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டிருந்தனர். அத்துணைப் பேர்க்கும் வழி செய்வது அரசின் பணி. நம் காலனி முதியோர்க்கு வழி செய்வது நம் சங்கத்தால் இயலும். வாரத்தில் இரு காலை, ஒரு மணி நேரம், இம்மண்டபத்தைத் திறந்துவைத்தால் போதும். நம்மிடையே இயன்முறை மருத்துவம் பயின்ற இளைஞர் இருப்பின் அவர்கள் முதல் மாதம் முறையைக் கற்பிக்கலாம். இந்தி அறியாத பாட்டிமார்க்கும் தமிழில் எண்ணி எழுந்தமர ஒரு கூட்டம் கிடைக்கும். தனியே செய்யும் பயிற்சி பத்து நாளில் நின்றுவிடும், கூடிச் செய்யும் பயிற்சி, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருப்பதாலேயே தொடரும். குளிர் மிகுந்த மாதங்களில் வெளிக்காற்றை நம்பாமல் உள்ளே செய்வதற்கும் இது வசதி.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெற்றோரிடமிருந்து எல்லாப் பைகளையும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அவர்கள் தாங்கத்தக்க ஒன்றை அவர்களிடமே விட்டுவையுங்கள். தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து தரும் முன், எழுந்து வர இயலுமா என்று அன்போடு கேளுங்கள். பணிவிடை வேண்டாமென்று நாம் கூறவில்லை. அவர்தம் கால்களைப் பறித்துக்கொள்ளும் பணிவிடை வேண்டா என்றே கூறுகின்றோம். பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். "இனி எனக்கு எதற்கு?" என்று சொல்லாதீர்கள். பிறர் துணையின்றிக் கழிப்பறை சென்று மீள்வதும், ஊர்த் திருவிழாவிற்குச் செல்ல இரயில் பெட்டியின் உயர்ந்த படியில் தாமே காலெடுத்து வைப்பதும் சிறு பேறுகளல்ல. அவை இருக்கும்வரை அவற்றின் அருமை தெரிவதில்லை.

கூட்டம் கேட்க அமர்வதற்கென்று இம்மண்டபத்தில் நாற்காலிகள் பல வாங்கிப் போட்டிருக்கின்றோம். அமர்வதற்குப் பயன்பட்டது போதும். எழுவதற்கும் அவை பயன்படட்டும். இப்பேச்சு முடிந்ததும் நீங்கள் எழப்போகின்றீர்கள். இயன்றவர்கள் கையூன்றாமல் எழுந்து பாருங்கள். இயலாதவர்கள் வருந்த வேண்டா. அடுத்த ஆண்டு விழாவிற்குள் இயலுமாறு வரும் ஞாயிறு முதல் தொடங்குங்கள். இன்று வர இயலாதோரும் அவ்விழாவிற்குத் தாமே படியிறங்கி வருமாறு செய்வோமாக.

 வாழ்க முதியோர்! வளர்க நம் சங்கம்!